நட்டத்தில் ஓடும் சமூக ஊடகக் கம்பனிக்கு நாடி பார்ப்பது எப்படி?

எங்கள் தீவுப்பகுதியில் எந்த ஊரின் பெயரை முகநூலில் தட்டினாலும் ஒரு குழுவாவது வரும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு, ஊர்காவற்துறை, நெடுந்தீவு, எதுவும் விதிவிலக்கில்லை. ஊரில் இருக்கிறவர்களைவிட சூரிச், பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று போய்விட்டவர்கள்தான் அங்கே அதிகம் கதைப்பார்கள். நயினை நாகபூசணி அம்மன் தேர் நேரலையில் போகும். மரண அறிவித்தலும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசு சேர்க்கிற கணக்கும் அங்கேதான் வரும்.

1990, 91இல் தீவுகளை விட்டு வெளிக்கிட்ட சனம் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது. வீட்டில் விட்டுவந்த அல்பங்கள் கனபேருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. உறவினர் வீடுகளில் தப்பிக் கிடந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஆளாளுக்கு ஸ்கான் செய்து போட்டுச் சேர்த்த இடமும் அந்தக் குழுக்கள்தான்.

அதனால் ஒரு சமூக ஊடகக் கம்பனியைப் பற்றி “இது நிலைக்குமா?” என்று கேட்கிற கேள்வி அமெரிக்கப் பங்குச்சந்தைக்காரருக்கு மட்டும் உரியதில்லை. எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நான் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவன். இந்தக் கேள்வி எனக்கு இரண்டு பக்கத்தாலும் வருகிறது. சுவிசில் இருக்கிற மருமகன் தொலைபேசியில் கேட்கிறான்: “மாமா, ஸ்னப் பங்கு நல்லா விழுந்து கிடக்கு. வருசா வருசம் நட்டமாம். இப்ப வாங்கிப் போடலாமோ?” வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கிறாள்: “சேர், நட்டம் எண்டா மூடத்தானே வேணும்? டுவிட்டர் எப்பிடி இவ்வளவு வருசம் ஓடினது?”

இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். நட்டம் என்பது வருமானக் கூற்றின் கடைசி வரி. அந்த ஒரு வரியை வைத்து ஒரு கம்பனி சாகுமா பிழைக்குமா என்று சொல்ல முடியாது. அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும், யாருக்கு எப்போது கடன் கட்டவேண்டும் என்று பார்க்கவேண்டும். இதற்குப் பட்டயக் கணக்காளராக இருக்கத் தேவையில்லை. உயர்தரக் கணக்கீடு படித்த ஒரு பிள்ளைக்கு இது போதியளவு புரியும். ஆறுதலாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசி வரி சொல்லாத கதை

டுவிட்டர் 2013 நவம்பரில், பங்கு ஒன்று 26 டொலர் என்ற விலையில் நியூயோர்க் பங்குச்சந்தைக்கு வந்தது. அந்த வருடம் வருமானம் 665 மில்லியன் டொலர், நட்டம் 645 மில்லியன் டொலர். முழு வருடத்துக்கு இலாபம் காட்ட 2018 வரை பொறுக்கவேண்டியிருந்தது. பிறகு வந்த நாலு வருடக் கணக்கு இப்படி: 2018இல் 1.2 பில்லியன் இலாபம், 2019இல் 1.47 பில்லியன் இலாபம், 2020இல் 1.14 பில்லியன் நட்டம், 2021இல் 221 மில்லியன் நட்டம்.

இதைப் பார்க்கிறவர், இரண்டு வருடம் நன்றாக ஓடிப் பிறகு படுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். ஆனால் அதே நாலு வருடத்தில் வருமானம் 3.04, 3.46, 3.72, 5.08 பில்லியன் என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அப்படியானால் இலாபமும் நட்டமும் எங்கிருந்து வந்தன?

பெரும்பகுதி வரியிலிருந்து. ஒரு கம்பனி பல வருடம் நட்டப்பட்டால், பிற்காலத்தில் இலாபம் வரும்போது அந்தப் பழைய நட்டத்தைக் கழித்துக் குறைவாக வரி கட்டலாம். அந்த உரிமைக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அதைப் பிற்போடப்பட்ட வரிச் சொத்து என்று ஐந்தொகையில் காட்டுவார்கள். “இனி இலாபம் வரும்” என்று முகாமைக்கு நம்பிக்கை வந்தால் அந்தச் சொத்தைக் கணக்கில் ஏற்றுவார்கள், அந்த வருட இலாபம் ஊதிப் பெருக்கும். நம்பிக்கை குறைந்தால் இறக்குவார்கள், அந்த வருடம் நட்டம் வரும். டுவிட்டர் 2018இல் இப்படி ஏற்றிய தொகை ஏறத்தாழ 845 மில்லியன். 2019 இலாபத்திலும் பெரும்பகுதி வரிப் பதிவுதான். 2020இல் 1.1 பில்லியனை இறக்கினார்கள். அந்த வருட நட்டம் முழுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த ஏற்றமும் இறக்கமும் பேரேட்டில் நடந்தவை. இதற்காக வங்கிக் கணக்கிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. பில்லியனுக்கு மேல் நட்டம் காட்டிய அதே 2020இல், தொழிற்பாட்டுக் காசாக 993 மில்லியன் டொலர் உள்ளே வந்திருக்கிறது.

2021 நட்டத்துக்குக் காரணம் வேறு. பாவனையாளர் வளர்ச்சி பற்றித் தங்களைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று பங்குதாரர்கள் போட்ட வழக்கைத் தீர்க்க 809.5 மில்லியன் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். இது உண்மையாகவே வெளியே போகிற காசு. ஆனால் ஒரு தடவைச் செலவு, வருடா வருடம் வராது.

ஊர்காவற்துறையில் இரண்டு படகுச் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் இந்த வருடம் ஒரே அளவு நட்டம். ஒருவருக்கு நட்டம் வந்தது புது எஞ்சினும் வலையும் வாங்கி, அவற்றின் பெறுமானத் தேய்வைக் கணக்கில் போட்டதால். மற்றவருக்கு வந்தது, பிடிக்கிற மீன் மண்ணெண்ணெய்ச் செலவுக்கே காணாததால். கொப்பியின் கடைசி வரியில் இரண்டும் ஒரே தொகை. முதலாமவருக்கு யோசிக்காமல் கடன் கொடுக்கலாம். இரண்டாமவர் தொழில் செய்கிற முறையை மாற்றும்வரை, அவருக்குக் கொடுக்கிற காசு கடலில்தான்.

காசுப் பாய்ச்சல் கூற்றை எடுங்கள்

மருமகன் கேட்ட ஸ்னப் கம்பனியையே எடுத்துக்கொள்வோம். ஸ்னப்சாட் செயலியின் தாய்க் கம்பனி அது. 2017 மார்ச்சில் பங்கு ஒன்று 17 டொலருக்கு வெளியானது. அந்த வருட நட்டம் 3.4 பில்லியன் டொலருக்கும் மேல். கேட்டவுடன் பயம் வரும். அதில் 2.6 பில்லியன் அளவு, ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த ஊதியத்தின் பெறுமதி.

2024 கணக்கைப் பாருங்கள். வருமானம் 5.36 பில்லியன், நட்டம் 698 மில்லியன். காசுப் பாய்ச்சல் கூற்றைத் திறந்தால், தொழிற்பாட்டுக் காசு 413 மில்லியன் உள்ளே வந்திருக்கிறது. கணினி, கருவி, கட்டடம் போன்ற மூலதனச் செலவைக் கழித்த பின்னும் 219 மில்லியன் மிச்சம். இந்த மிச்சத்தைத்தான் சுயாதீனக் காசு என்பார்கள். நட்டக் கம்பனியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுகிற எண் இதுதான். இது நேராக இருந்தால், வெளியிலிருந்து யாரும் காசு போடாமலே கம்பனி நாளாந்தம் ஓடும். மறையாக இருந்தால் அடுத்த கேள்வி: கையில் இருக்கிற காசு, வருடம் வெளியே போகிற காசின் எத்தனை மடங்கு? வருடம் நூறு மில்லியன் கரைகிற கம்பனியிடம் முந்நூறு மில்லியன் இருந்தால் அதற்கு மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் யாராவது புதிதாகக் காசு போடவேண்டும், இல்லையென்றால் செலவைக் குறைக்கவேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கனபேர் அதில் விழுகிறார்கள். 698 மில்லியன் நட்டம் எப்படி 219 மில்லியன் மிச்சமாக மாறியது? பெரிய காரணம், அந்த வருடம் ஊழியர்களுக்குக் கொடுத்த ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலர் பங்கு ஊதியம். அது காசாகப் போகாததால் காசுப் பாய்ச்சல் கூற்றில் திரும்பக் கூட்டிக்கொள்கிறார்கள். கணக்கீட்டு விதிப்படி அது சரி. ஆனால் அந்த ஊழியர்கள் சும்மா வேலை செய்யவில்லை. அவர்களுக்கு ஊதியம் கொடுத்தது பங்குதாரர்கள், தங்கள் உரிமையின் ஒரு துண்டை வெட்டி. 2017இல் ஏறத்தாழ 1.2 பில்லியனாக இருந்த ஸ்னப் பங்குகளின் எண்ணிக்கை 2024இல் 1.7 பில்லியன் அளவுக்கு வந்துவிட்டது. முன்பு நூறில் ஒன்று வைத்திருந்தவரிடம் இப்போது நூறில் ஒன்று இல்லை.

ஆகவே இரண்டு எண்ணையும் எழுதுங்கள். சுயாதீனக் காசு 219 மில்லியன். பங்கு ஊதியத்தையும் காசுச் செலவாக எடுத்தால் 800 மில்லியனுக்கு மேல் மறை. முதல் எண், கம்பனி நாளைக்கு மூடப்படாது என்று சொல்கிறது. இரண்டாவது, பங்கு வாங்குகிறவருக்கு இன்னும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்கிறது. 2021 செப்ரெம்பரில் 80 டொலரைத் தாண்டிய அந்தப் பங்கு, 2022 மே 24ஆம் திகதி ஒரே நாளில் நூற்றுக்கு 43 விழுந்தது. 2024 முடிவிலும் வெளியீட்டு விலையான 17 டொலருக்குக் கீழேதான் நின்றது. விலை விழுந்து கிடக்கிறது என்பதால் ஒரு பங்கு மலிவு என்று ஆகாது. மருமகனுக்கும் அதைத்தான் சொன்னேன்.

கடன் எப்போது முதிர்கிறது?

2022இல் எங்கள் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கடன் எவ்வளவு என்பதோடு, எப்போது எந்த நாணயத்தில் கட்டவேண்டும் என்பதும் சேர்ந்துதான் வங்குரோத்தைத் தீர்மானிக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

கம்பனிக்கும் அதே பார்வைதான். 2024 முடிவில் ஸ்னப்பின் கையில் மூன்று பில்லியன் டொலருக்கு மேல் காசும் சந்தைப் பத்திரங்களும் இருந்தன. மறுபக்கம் கடன் பத்திரங்களும் கிட்டத்தட்ட அதே அளவு. அவை பங்காக மாற்றக்கூடிய பத்திரங்கள், பெரும்பாலும் வட்டி மலிவாக இருந்த காலத்தில் எடுத்தவை. வட்டி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, அவற்றில் ஒரு பத்திரத்துக்கு வட்டியே இல்லை. 2025 பெப்ரவரியில் அதே கம்பனி 2033இல் முதிர்கிற 1.5 பில்லியன் டொலர் புதுக் கடனை எடுத்தபோது வட்டி நூற்றுக்கு 6.875. இந்த இரண்டு வட்டிக்கும் இடையில் இருக்கிற தூரத்தில் ஒரு பகுதி, புதுக் கடனைப் பங்காக மாற்ற முடியாது என்பதால் வந்தது; மிச்சம், நட்டக் கம்பனிகளுக்கு உலகம் மாறிவிட்டது என்பதற்குச் சாட்சி. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் கடன் முதிர்வு அட்டவணை ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு ஐந்தொகையைப் படித்துப் பயனில்லை.

கடன் ஒரு கம்பனியை எப்படி மாற்றும் என்பதற்கு டுவிட்டரைவிட வெளிச்சமான உதாரணம் இல்லை. 2022 ஒக்ரோபரில் ஈலோன் மஸ்க் 44 பில்லியன் டொலருக்கு அதை வாங்கினார். அதில் ஏறத்தாழ 13 பில்லியன் கடன், அந்தக் கடன் ஏறியது கம்பனியின் தலையில். வட்டி மட்டும் வருடத்துக்கு ஒரு பில்லியனுக்கு மேல். மேலே சொன்ன 2020 கணக்கைத் திரும்பப் பாருங்கள்: தொழிற்பாட்டுக் காசு 993 மில்லியன். அதை முழுவதும் கொடுத்தாலும் புதுக் கடனின் வட்டிக்குக் காணாது. அதோடு, 2021 வருமானத்தில் நூற்றுக்கு 89 அளவு விளம்பரத்திலிருந்து வந்தது. வாங்கிய கையோடு பெரிய விளம்பரதாரர் பலர் விலகினார்கள். ஒரே வாசலால் காசு வருகிற வீட்டில் அந்த வாசல் ஒடுங்கியது.

தனியார் கையில் போனதும் ஆண்டறிக்கையும் நின்றுவிட்டது. அதன் பிறகு வெளியில் இருந்தவர்கள், அதில் முதலிட்டிருந்த பிடெலிட்டி நிதியம் தன் பங்கை என்ன பெறுமதியில் எழுதுகிறது என்று பார்த்துத்தான் ஊகித்தார்கள். 2024 ஓகஸ்டில் பிடெலிட்டி எழுதிய பெறுமதிப்படி முழுக் கம்பனியும் 10 பில்லியனுக்குக் குறைவு. 2025 மார்ச்சில் மஸ்க்கின் இன்னொரு கம்பனியான எக்ஸ்-ஏஐ அதைப் பங்குப் பரிமாற்றத்தில் வாங்கியபோது, கடன் போக 33 பில்லியன் என்று பெறுமதியிட்டார்கள். ஏழு மாதத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். பெறுமதி என்பது யார், எந்த நாள், எந்தத் தேவைக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாக எடுக்கக்கூடாது.

பாவனையாளர் எத்தனை பேர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

நட்டக் கம்பனி தன் பெருமையாகக் காட்டுவது பாவனையாளர் எண்ணிக்கையை. அங்கே இரண்டு விடயம் கவனிக்கவேண்டும்.

ஒன்று, அளவுகோல் மாறுகிறதா? டுவிட்டர் மாதப் பாவனையாளர் எண்ணிக்கையைச் சொல்லிவந்தது. அது வளராமல் நின்றபோது, 2019இல் அதை நிறுத்திவிட்டு, விளம்பரம் காட்டக்கூடிய நாளாந்தப் பாவனையாளர் என்ற புது அளவுக்கு மாறியது. 2022இல் அந்தப் புது அளவையும் ஏறத்தாழ மூன்று வருடமாகக் கூட்டி எண்ணிவிட்டோம், சில காலாண்டுகளில் 19 இலட்சம் வரை அதிகம் என்று ஒத்துக்கொண்டது. அளவுகோல் மாறினால், பழைய அளவில் என்ன நடந்தது என்று கட்டாயம் தேடுங்கள்.

மற்றது, பாவனையாளர் இருக்கும் இடம். முகநூலை நடத்துகிற மெட்டா கம்பனி 2023 கடைசிக் காலாண்டுக்குச் சொன்ன கணக்கு: அமெரிக்கா, கனடாவில் முகநூல் பாவனையாளர் ஒருவருக்குச் சராசரி 68.44 டொலர் வருமானம். ஆசிய பசிபிக்கில் 5.52 டொலர். இலங்கை அந்த இரண்டாவது கூட்டத்தில்தான். நெடுந்தீவில் இருந்து ஏற்றுகிற வீடியோவும் நியூயோர்க்கில் இருந்து ஏற்றுகிற வீடியோவும் சேர்வரில் பிடிக்கிற இடம் ஒன்றுதான். கிடைக்கிற வருமானம் பன்னிரண்டில் ஒன்று. மெட்டா பெரும் இலாபத்தில் ஓடுவதால் இதைத் தாங்குகிறது. ஆசிய மொழிகளை மட்டும் நம்பித் தொடங்குகிற கம்பனியின் நிலை என்ன?

அதற்குப் பதில் ‘கூ’. பெங்களூரில் 2020இல் அப்ரமேய ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடவட்காவும் தொடங்கியது. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குப் போனது. சொந்த மொழியில் எழுத இடம் வேண்டும் என்ற எண்ணம் நல்லது, நான் அதை மதிக்கிறேன். உச்சத்தில் மாதம் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பாவித்தார்கள். ஆனால் 2021-22 நிதியாண்டில் அதன் தொழிற்பாட்டு வருமானம் 14 இலட்சம் இந்திய ரூபாய், நட்டம் 197 கோடி ரூபாய். இது வரி ஏற்ற இறக்கத்தால் வந்த நட்டமில்லை, கையிலிருந்து போன காசு. புதிதாகக் காசு போட ஆளில்லை, வாங்க வந்தவர்களுடனான பேச்சும் சரிவரவில்லை. செயலியை ஓட்டுகிற தொழில்நுட்பச் செலவு அதிகம் என்று சொல்லி 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கை 2022இல் படித்திருந்தவர்களுக்கு 2024 அறிவித்தல் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஷேர்சாட்டின் கதை இன்னும் முடியவில்லை. தமிழ் உட்படப் பதினைந்து மொழிகளில் இயங்குகிற பெங்களூர்க் கம்பனி அது. 2022இல் அதன் பெறுமதி ஏறத்தாழ 5 பில்லியன் டொலர் என்றார்கள். 2022-23இல் வருமானம் 550 கோடி ரூபாய் அளவு, நட்டம் ஐயாயிரம் கோடிக்கு மேல். 2023-24இல் வருமானம் 718 கோடி, நட்டம் 1,898 கோடி. நட்டம் இன்னும் பெரிது. ஆனால் வருமானம் ஏற நட்டம் இறங்கியிருக்கிறது, அதற்காக நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படியான கம்பனியில் ஒரு வருட எண்ணை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தை வரிசையாக எழுதிப் போக்கைப் பார்க்கவேண்டும்.

காசு இருப்பது வேறு, தொழில் இருப்பது வேறு

ட்ரம்ப் மீடியா கம்பனி, ட்ரூத் சோஷியலை நடத்துவது. 2024இல் வருமானம் 3.6 மில்லியன் டொலர், நட்டம் 400.9 மில்லியன். ஆனால் வருட முடிவில் கையில் 770 மில்லியன் டொலருக்கு மேல் காசும் குறுங்கால முதலீடும். அவ்வளவு காசு இருக்கிற கம்பனி கிட்டடியில் மூடப்படாது. ஆனால் அந்தக் காசு பங்கு விற்று வந்தது, பாவனையாளரிடமிருந்தோ விளம்பரத்திலிருந்தோ வரவில்லை. தாங்குகிற காலம் இருந்தது, தொழில் இருக்கவில்லை.

இந்தக் கம்பனியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பங்குச்சந்தைக்கு வருமுன் அதன் கணக்காய்வாளர், கம்பனி தொடர்ந்தியங்குமா என்பதில் கணிசமான சந்தேகம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பிறகு அந்தக் கணக்காய்வு நிறுவனமான பிஎப் போர்கேர்ஸையே, பெருமளவு மோசடி செய்ததாகச் சொல்லி 2024 மேயில் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு தொழிலிலிருந்து விலக்கியது. கணக்காய்வாளர் அறிக்கையைப் படிக்கும்போது, கீழே கையெழுத்துப் போட்டது யார் என்றும் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ரெடிட். 2024 மார்ச்சில் 34 டொலருக்குப் பங்கு வெளியிட்டது. அந்தக் காலாண்டு மட்டும் 575 மில்லியன் டொலர் நட்டம். முழு வருடத்துக்கு 484 மில்லியன் நட்டம். முழு வருட நட்டம் முதல் காலாண்டு நட்டத்தைவிடக் குறைவாக இருப்பதைக் கவனித்தீர்களா? முதல் காலாண்டு நட்டம் முழுவதும் கிட்டத்தட்டப் பங்கு வெளியீட்டோடு கணக்கில் ஏறிய ஊழியர் பங்கு ஊதியம். மூன்றாம் காலாண்டிலேயே 29.9 மில்லியன் இலாபம் வந்துவிட்டது. விளம்பரத்தோடு, செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளுக்குத் தரவை உரிமம் கொடுத்தும் காசு வருகிறது. ட்ரம்ப் மீடியாவையும் ரெடிட்டையும் நட்ட வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம். உள்ளே இறங்கினால் ஒன்றுக்கு மற்றது எதிர்.

ஒரு தாளில் எழுதுங்கள்

பங்குச்சந்தையில் இருக்கிற எந்த அமெரிக்கக் கம்பனியின் ஆண்டறிக்கையும் ‘10-கே’ என்ற பெயரில், பிணையங்கள் ஆணைக்குழுவின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பயப்படவேண்டாம். ஒரு தாளை எடுத்து, கடைசி மூன்று வருடத்துக்கும் இவற்றை மட்டும் எழுதுங்கள்:

- வருமானம் எவ்வளவு, அது ஒரே இடத்திலிருந்து வருகிறதா.
- நட்டம் எவ்வளவு, அதில் வரி, வழக்கு, பங்கு ஊதியம் என்று பிரித்தால் மிஞ்சுவது என்ன.
- சுயாதீனக் காசு நேரா மறையா, பங்கு ஊதியத்தைக் கழித்தால் என்ன ஆகிறது.
- கையில் இருக்கிற காசு எவ்வளவு காலம் தாங்கும்.
- கடன் எவ்வளவு, எந்த வருடம் முதிர்கிறது, வட்டி எத்தனை வீதம்.
- பங்குகளின் எண்ணிக்கை வருடா வருடம் எவ்வளவு கூடுகிறது.
- பாவனையாளரை எண்ணும் அளவுகோல் மாறியிருக்கிறதா.
- கணக்காய்வாளர் என்ன சொல்கிறார்.

இவ்வளவையும் எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போதும். பனியிலும் குளிரிலும் நின்று உழைத்த காசைப் போடுமுன் ஒரு பின்னேரம் ஒதுக்குவது பெரிய காரியமில்லை. யாரோ ரிக்ரொக்கில் சொன்னதைக் கேட்டுப் பங்கு வாங்காதீர்கள். நான் சொன்னதைக் கேட்டும் வாங்காதீர்கள். தாளில் இருக்கிற எண்ணைக் கேளுங்கள்.

பங்கு வாங்காத எங்களுக்கு

எங்களில் பெரும்பாலானோர் இந்தக் கம்பனிகளின் ஒரு பங்கும் வாங்கப்போவதில்லை. ஆனால் ஊரின் படங்கள், கோயில் திருவிழாப் பதிவுகள், இறந்துபோன பெரியவர்களின் குரல், எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் எங்களுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மைஸ்பேஸை 2005இல் ரூபர்ட் மேர்டொக்கின் கம்பனி 580 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2011இல் ஏறத்தாழ 35 மில்லியனுக்கு விற்றது. விலை அப்படி விழுந்த தளம் மூடப்படாமலே இழுபட்டது. 2019இல், சேர்வர் மாற்றும்போது பழைய பாட்டுகளும் படங்களும் வீடியோக்களும் அழிந்துவிட்டன என்று அறிவித்தது. பன்னிரண்டு வருடத்துப் பாட்டுகள் போயின. ஓர்குட் 2014 செப்ரெம்பரில் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. மரத்தடி போன்ற தமிழ்க் குழுமங்கள் வளர்ந்த யாகூ குழுமங்களின் பழைய பதிவுகள் 2019 கடைசியிலிருந்து அகற்றப்பட்டு, 2020 டிசம்பரில் அந்தச் சேவையே நின்றது. கூகிள் நட்டத்தில் இருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கம்பனி நல்ல சுகத்தோடு இருந்தாலும், தனக்குக் காசு தராத ஒரு பகுதியை அது வெட்டிவிடும். பாவனையாளர் ஒருவருக்கு 5.52 டொலர் வந்த பக்கத்தில் இருக்கிற நாங்கள் இதை மறக்கக்கூடாது.

ஊர்க் குழுக்களை நடத்துகிற தம்பி தங்கைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். முகநூலின் அமைப்புகளுக்குள் உங்கள் தகவலைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அது நீங்கள் போட்டதை மட்டும்தான் தரும். ஆகவே பழைய படங்களை ஏற்றிய ஒவ்வொருவரிடமும் மூலப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். படத்தில் இருப்பவர், இடம், வருடம் என்ற விபரத்தையும் கீழே வந்த கருத்துகளிலிருந்து எடுத்துச் சேர்த்து எழுதுங்கள், அந்த விபரம் படத்தைவிட அரியது. ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி வெளிநாட்டில் என்று இரண்டு வன்தட்டில் வையுங்கள். ஊர் மலர், பாடசாலை மலர், கோயில் மலர் போன்றவற்றை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருகிற நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள்.

கம்பனிகளின் கணக்கை அவர்களின் பங்குதாரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊரின் கணக்கை நாங்கள்தான் பார்க்கவேண்டும். வருகிற சனி ஞாயிறில் தொடங்குங்கள்.